பிளாக்கர்: வகுப்பு வலைப்பூவுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஆறாவது முதல் ஒன்பதாவது வரை தமிழ்க் கட்டுரை சொல்லிக்கொடுப்பவர்கள், பிள்ளைகள் எழுதுவதை இணையத்தில் போடலாமே என்று நினைத்தால் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்கரில்தான். 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. காசு கிடையாது. நாமாக வைக்காமல் விளம்பரம் வராது. தமிழ் பிசகாமல் தெரியும். வெளியிடுவதற்கு இது போதும். எழுதிப் பழக மட்டும் இதை நம்பக் கூடாது.

காரணம், பிளாக்கருக்குப் பழைய வரைவு நினைவில் இருக்காது. பிள்ளை ஒரு பத்தியைத் திருத்தினால், முன்பு இருந்தது அதோடு போய்விடும். என்ன மாறியது, ஏன் மாறியது என்று பக்கத்தில் வைத்துக் காட்ட வழியில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவரை ‘ஆதர்’ ஆகச் சேர்த்தால், அவர் நம்மைக் கேட்காமலே பப்ளிஷ் பொத்தானை அழுத்திவிடலாம். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பூத் தளத்தில் ‘கான்ட்ரிபியூட்டர்’ என்றொரு படி இருக்கிறது. எழுதலாம், வெளியிட முடியாது. பிளாக்கரில் அது இல்லை. கூகுள் கணக்கைத் தாமே வைத்துக்கொள்ள 13 வயது ஆகியிருக்கவும் வேண்டும். ஆறாம், ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அந்த வயது ஆகியிருக்காது.

அதனால் வலைப்பூ ஆசிரியர் கணக்கில் ஒன்றே ஒன்று இருக்கட்டும். எழுத்து வேலை கூகுள் டாக்ஸில் நடக்கட்டும். ஆசிரியர் கணக்கிலேயே ஆளுக்கொரு கோப்பு, 150 சொல்லுக்குள் முதல் வரைவு. அது முடிந்ததும், பழைய வரைவுகளைச் சேர்த்து வைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியில் ‘முதல் வரைவு’ என்று பெயரிட்டு வைத்துவிட வேண்டும். இதைக் கணினியில் செய்வதே எளிது. ஹைடெக் லேப் பீரியட் ஒன்று கிடைத்தால் போதும். களக்காடு, பாபநாசம் பக்கம் மலையடிவார ஊர்களில் சிக்னல் வந்து வந்து போகும். அங்கே கோப்பை முன்கூட்டியே ‘ஆஃப்லைன்’ ஆக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

திருத்தும் இடத்தில்தான் டாக்ஸின் அருமை தெரியும். ஒரு பிள்ளை ‘ஆத்துக்குப் போனோம், ஜாலியா குளிச்சோம்’ என்று முடித்திருக்கும். அதன் மேல் சிவப்பு மை அடிக்காமல், ஓரத்தில் ஒரு கமென்ட்: ‘எந்தப் படித்துறை? தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு?’ அடுத்த வரைவில் ‘குறுக்குத்துறையில் இரண்டாவது படியிலேயே முட்டளவு தண்ணி, தம்பியை ஆச்சி இறங்கவே விடவில்லை’ என்று வரும். இரண்டு வரைவையும் திரையில் அடுத்தடுத்துக் காட்டினால் வகுப்புக்கே விளங்கும். ஒரு வரைவுக்கு இரண்டு கேள்விக்கு மேல் போடாதீர்கள். பத்துக் கேள்வி பார்த்த பிள்ளை பத்துக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் எழுதிவிட்டுப் போய்விடும். எழுத்துப்பிழைக்கு, எழுதியதை அழிக்காமல் திருத்தத்தை மட்டும் காட்டும் ‘சஜஸ்டிங்’ முறை போதும். அதிலும் ஒரு தடவைக்கு ஒரே வகைப் பிழை. இந்த வாரம் ல, ள, ழ என்றால் ஒற்று மிகுதல் அடுத்த வாரம்.

விசைப்பலகை விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை வேகமானதுதான், ஆனால் பிள்ளையின் பிழையை மறைத்துவிடும். பள்ளி என்றாலும் பல்லி என்றாலும் தட்டுவது ஏறக்குறைய ஒன்றேதான். மேலே வரும் பட்டியலில் எது முதலில் நிற்கிறதோ அதைத் தொட்டுவிடுவார்கள். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அந்தச் சலுகை கிடையாது. ள் வேண்டுமென்றால் ள்-ஐத் தெரிந்து அடிக்க வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற இந்த அமைப்பில் க-வை இருமுறை அடித்தால் ‘க்க’ தானாக வரும், புள்ளிக்குத் தனி விசை தேட வேண்டாம். விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது. போனுக்குச் செல்லினம் செயலி. முதல் சில வாரம் பிள்ளைகள் முனகத்தான் செய்வார்கள்.

குரல் தட்டச்சு, கையெழுத்து தடுமாறும் பிள்ளைக்குப் பேருதவி. முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் நாமே போட வேண்டியிருக்கும். ‘சொன்னாவ’, ‘போனாவ’ என்று நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் வேறு ஏதாவது சொல்லாக மாற்றிவைக்கும். பிழைதிருத்திகளும் வட்டார வழக்கைப் பிழை என்றே காட்டலாம். உரையாடலுக்குள் வரும் ‘ஏல’, ‘பைய வா’ ஆகியவற்றைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் ஆச்சி ஆச்சியாகப் பேசுவாள்.

டாக்ஸிலிருந்து பிளாக்கருக்கு ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறுமனே ஒட்டினால் எழுத்தளவும் வரி இடைவெளியும் கூடவே வந்து பதிவைக் கோணலாக்கும். டி.டி.பி. கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றியே ஒட்ட வேண்டும்.

யார் படிக்கலாம் என்பதுதான் பெரிய முடிவு. ரீடர் ஆக்சஸில் ‘கஸ்டம் ரீடர்ஸ்’ வைத்தால் அழைத்தவர் மட்டுமே பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய லிங்கைத் தட்டும் அப்பாவுக்கு, உள்நுழையாவிட்டால், அனுமதி இல்லை என்ற பக்கம்தான் வரும். பாதி வீடுகள் அதோடு விட்டுவிடும். இன்னொரு வழி, பொதுவில் வைத்து, தேடுபொறியில் தெரியும் வசதியை மட்டும் அணைத்துவிடுவது. இது பூட்டு ஆகாது. லிங்க் கிடைத்த எவரும் படிக்கலாம். எந்த வழியானாலும் முழுப்பெயர், படம், பள்ளிப்பெயர் மூன்றும் வேண்டாம். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் கொள்கிறது.

கமென்ட் மாடரேஷனை, அதாவது நாம் பார்த்து அனுமதித்த பிறகே கமென்ட் வெளியாகும் வசதியை, ‘ஆல்வேஸ்’ என்று வையுங்கள். இல்லையென்றால் குப்பை விளம்பரம் நுழையும். உள்ளே வருவதிலும் ‘சூப்பர்’, ‘அருமை’ என்பவற்றால் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. பிடித்த ஒரு வரியை எடுத்துக் காட்டி ஒரு கேள்வி கேட்டால்தான் வெளியிடுவோம் என்று வகுப்பில் அறிவித்துவிட்டால், கமென்ட் எழுதுவதும் ஒரு பயிற்சியாகும்.

நன்றாக வந்ததைப் பள்ளிக்கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ இதழுக்கும் அனுப்பலாம். அது ஆறு முதல் ஒன்பது வகுப்புக்கானது. போன் இல்லாத வீட்டுக்கு ஏ4 தாளில் அச்செடுத்துக் கொடுங்கள்.

அட்மினாக இரண்டு ஆசிரியர்களையாவது சேர்த்து வையுங்கள். ஒருவர் மாறுதலாகித் தென்காசிக்குப் போனால் பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். ஏப்ரலில் பரீட்சை முடிந்த கையோடு செட்டிங்ஸில் ‘பேக்கப்’ எடுத்துப் பள்ளிக் கணினியில் போட்டுவிடுங்கள்.