இன்ஜின் தங்கம், எர்த்துதான் தகராறு

கல்லலில் இருக்கும் மச்சான் ஒரு பழைய மினி லாரிக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறான். இன்ஜின் மாற்றிய வண்டி. "உங்க வண்டியும் இன்ஜின் மாத்துனதுதானே அத்தான், எப்படிப் போகுது?" என்று ஃபோனில் கேட்டான். அன்றைக்குத்தான் என் வண்டி எலக்ட்ரீஷியன் கடையிலிருந்து திரும்பியிருந்தது. பதில் கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. ஆறிய பிறகு எழுதலாம் என்றிருந்தேன். முழுசாக ஆறக் காணோம், அப்படியே எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 12 வோல்ட், நான்கு சிலிண்டர் டீசல். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் ஏற்றுவேன். பழைய வீடு பிரிக்கிற இடத்தில் தேக்குத் தூண், நிலை, உத்தரம் ஏற்றி காரைக்குடிக் கடைகளில் இறக்குவேன். பழைய இன்ஜினில் பிளாக் விரிசல் விட்டு ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டதால், அதே ரக வண்டி ஒன்றில் கழற்றிய இன்ஜினை வாங்கி உட்கார்த்தினோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து, ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரையும் ஏற்றியாகிவிட்டது. மச்சான் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அங்கே மாட்டும்.

இன்ஜினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்தது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுப்பது. வண்டி ஒரு வெட்டு வெட்டினால் மூலை உதிர்ந்துவிடும். இந்த இன்ஜின் முழு லோடோடு பாலம் ஏறும்போதும் ரேஸ் கேட்காமல் அடிமட்டத்திலேயே இழுக்கும். இறக்கும்போது உடைந்த கல் என்று தனியாக எடுத்து வைப்பது அனேகமாக நின்றேவிட்டது. டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். கம்பியை இழுத்தால்தான் நிற்கும், கரண்ட் போனதற்காக நிற்காது. ஒருமுறை புதுக்கோட்டை தாண்டி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் படுத்துவிட்டது. பட்டப்பகல், லைட் தேவையில்லை. திருமயம் கோட்டையைப் பார்த்துக்கொண்டே நிதானமாக ஊர் வந்து சேர்ந்தேன். இப்போதைய கம்ப்யூட்டர் வண்டியில் இந்த நிம்மதி கிடைக்காது.

இத்தனையும் சொல்லிவிட்டு எர்த்துக்கு, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற வழிக்கு, வருகிறேன்.

பட்டறையிலிருந்து வண்டி வெளியே வந்த வாரமே தொல்லை தொடங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால், இன்ஜினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுகிற செல்ஃப் மோட்டார் 'டொக்' என்று ஒரு அடி அடித்து, சேற்றில் இறங்கிய மாடு மாதிரி முக்கும். இரவில் ஹெட்லைட் மஞ்சள் பூத்துப்போய் எரியும். ஹாரன் அடித்தால் அதுவும் ஒருமுறை மங்கி எழும். எல்லாவற்றையும் விட விசித்திரம் டெம்பரேச்சர் முள். லைட்டைப் போட்டதும் மேலே ஏறும், அணைத்ததும் இறங்கும். ரேடியேட்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் என்ன உறவு?

பேட்டரிக் கடையில் பேட்டரி வீக் என்றார்கள், மாற்றினேன். செல்ஃப் மோட்டாருக்கு கார்பன், புஷ் போட்டார்கள். முள் ஏறுகிறதே என்று தெர்மோஸ்டாட்டை ஒருவர் மாற்றினார். ஆல்டர்னேட்டரையும் கழற்றி டேபிளில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்கள், 14.2 வோல்ட் கொடுத்தது. யாரும் பொய் சொல்லவில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அவரவர் கையிலிருந்த சாமானை அவரவர் சரியாகத்தான் பார்த்தார்கள். சாமானுக்கும் சாமானுக்கும் நடுவில் இருப்பதைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. காசு மட்டும் எல்லோரும் சரியாகப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள்.

காட்டிக் கொடுத்தது ஆக்சிலேட்டர் கேபிள். ஒரு நாள் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை. பெடலை மிதித்தால் திரும்பி வர யோசிக்கிறது. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன், கேபிள் சுட்டது. கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் கறுப்பு உறை கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஒரு இடத்தில் உள்ளே இருந்த இரும்புச் சுருள் தெரிந்தது. ஒயரே போகாத இடத்தில் இந்தச் சூடு எப்படி?

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வயதான எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் வண்டியை விட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "செல்ஃப் அடிக்கையில மட்டும் சுடுதா தம்பி?" ஆமாம் என்றதும் பேட்டரியைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. ஜம்பர் கேபிளை எடுத்து ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினைத் தூக்குவதற்கென்று இருக்கும் இரும்பு வளையத்திலும் கவ்வவிட்டார். "இப்ப அடிங்க." ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். இன்ஜின், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மேல் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட் கடத்தாது. செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போக தடிமனான எர்த் பட்டை வேண்டும். பழைய பட்டை பழைய இன்ஜினோடு காயலான் கடைக்குப் போயிருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு ஒல்லி ஒயரைப் போட்டு, அதன் முனையிலுள்ள லக்கை (போல்ட் மாட்டுகிற உலோக வளையம்) வெள்ளிப் பெயிண்டின் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். டெலிவரி எடுக்கும்போது "பாருங்கண்ணே, புது வண்டி மாதிரி இருக்கு" என்று காட்டிய அதே பெயிண்ட். வழி அடைபட்ட கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் புகுந்து போயிருக்கிறது. லைட் போட்டால் முள் ஏறியதற்கும் இதுவே காரணம். டெம்பரேச்சர் சென்சாருக்கு எர்த் கொடுப்பது இன்ஜின் பிளாக்தான், பிளாக்கின் எர்த் கெட்டால் முள்ளும் பொய் சொல்லும்.

எர்த்தை மல்டிமீட்டரில் பீப் வைத்து முன்பே பார்த்திருந்தார்கள், பீப் அடித்தது. அது அடிக்கத்தான் செய்யும். மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில், செல்ஃப் கேட்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். எர்த்தில் வெறும் பத்து மில்லி ஓம் தடை இருந்தாலும் 300 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 3 வோல்ட் காணாமல் போய்விடும். ஆகவே மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு குச்சி பேட்டரி மைனஸில், இன்னொன்று பெயிண்ட் இல்லாத பிளாக்கில் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. என் வண்டியில் இரண்டுக்கு மேல் காட்டியது. ஹெட்லைட் மங்கியதும் இதே கணக்குதான். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் வெளிச்சம் முப்பது சதவீதம் போல இறங்கிவிடும்.

வைத்தியம் சுலபம். 35 ஸ்கொயர் எம்.எம். வெல்டிங் கேபிளில் லக் அடித்து, பேட்டரி மைனஸிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கு நேராக ஒன்று, சேஸிஸுக்கு ஒன்று. உட்காரும் இடத்தைப் பளபளவென்று ராவி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ். அதற்கு ஆன செலவை முன்பு மாற்றிய சாமான்களின் பில்லோடு வைத்துப் பார்த்தால் வயிறு எரியும்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சேஸிஸ் எர்த் இருக்கும் இடம் முன் சக்கரத்துக்குப் பின்னால். ஐப்பசி, கார்த்திகையில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீடு பிரிக்கிற இடங்களுக்குள் வண்டியை விட்டால் செம்மண் சேறு அங்கே போய் அப்பிக்கொள்ளும். லக் பச்சை பூக்கும். மறுபடி 'டொக்'. இந்த வாரம் கடைக்குப் போனதும் இதற்குத்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953-லிருந்து இதே காரைக்குடியில் துருவையும் பேட்டரியையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அதன் மதில் ஓரமாகத்தான் நான் அடிக்கடி போகிறேன். லக் அதைக் கொஞ்சமும் மதிக்கவில்லை.

சில்லறைத் தொல்லைகள் இன்னும் உண்டு. மீட்டர் போர்டில் சார்ஜ் லைட் பல்பு போனதும் ஒருவர் எல்.இ.டி. போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணியதும் சார்ஜ் ஏறவில்லை, ஒருமுறை நன்றாக ரேஸ் கொடுத்தால்தான் ஏறியது. அந்தச் சின்ன இழைப் பல்பு வழியாகப் போகிற கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது, எல்.இ.டி. அவ்வளவு விடாது. பழைய பல்பையே தேடிப் போட்டதும் சரியானது. அப்புறம், இந்த ரக வண்டியில் ஆல்டர்னேட்டர் முதுகில்தான், பிரேக்கை லேசாக மிதிக்க உதவுகிற வேக்கம் பம்ப் இருக்கிறது. விலை குறைவென்று பம்ப் இல்லாததை மாட்டிவிட்டால் பிரேக் கல்லாகிவிடும். அதன் சீல் கசிந்து ஆயில் உள்ளே போனால் கார்பன் பிரஷ் காலி. மச்சான் கையை விட்டுத் தடவிப் பார்க்கட்டும்.

அவனுக்கு என் பதில்: வேண்டாம். இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒயரிங்கைத் தொட்டது யார் என்று தெரியாத வண்டியை வாங்காதே. அதே விலைக்கு இன்ஜின் சுமாராக இருந்து, கம்பெனி ஒயரிங் கலையாத வண்டி கிடைத்தால் அதை எடு.

என் வண்டியை போன மாதம் தேவகோட்டை தரகர் ஒருவர் கேட்டார். நல்ல விலைதான், நானே எதிர்பார்க்கவில்லை. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எஃப்.சி.க்கு முன்னால் முழு ஒயரிங் செட்டையும் மாற்றிவிட்டு, சேஸிஸ் எர்த்தை சேறு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று யோசனை. இந்த வயது வண்டிக்கு அந்தச் செலவு நஷ்டம் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கும் தெரிகிறது. ஒயர் காயில் நேற்றே வாங்கி கேபினில் போட்டுவிட்டேன்.