பாடகர் மாறிய பின்னும் சலிக்காத ஆல்பம்: ஜெனிசிஸின் ‘எ ட்ரிக் ஆஃப் த டெயில்’

பீட்டர் கேப்ரியல் 1975-இல் விலகியபோது, பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ஜெனிசிஸ் அத்தோடு முடிந்தது என்றே பலரும் கருதினர். பாடியதோடு நில்லாமல் மேடையில் வேடமிட்டுக் கதையும் சொல்லி, குழுவின் முகமாகவே அறியப்பட்டவர் அவர். பலரைப் பாடவைத்துப் பார்த்தும் எவரும் பொருந்தாததால், டிரம்ஸ் வாசித்த பில் காலின்ஸே பாடும் பொறுப்பையும் ஏற்க, 1976 பிப்ரவரியில் இந்த ஆல்பம் வெளிவந்தது.

பல ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறேன். முதலில் காதில் படுவது இரு குரல்களின் ஒற்றுமை. அதில் வியப்பில்லை; காலின்ஸ் 1970-இல் சேர்ந்தது முதலே பின்னணிக் குரல் கொடுத்துவந்தவர், 1971-இலும் 1973-இலும் ஆல்பத்துக்கு ஒரு பாடலை முன்னின்று பாடியும் இருந்தவர். நாளாக ஆகத்தான் வேற்றுமை தெளிகிறது. கேப்ரியலின் குரல் ஒரு பாத்திரமாக முன்னே வந்து நிற்கும். காலின்ஸின் குரலோ வாத்தியங்களுக்கு நடுவே இடம் பிடித்துக்கொண்டு அவற்றுக்கும் வழிவிடுகிறது. இதை நன்கு உணர்த்துவது ‘என்டேங்கிள்ட்’. 12 தந்தி கிட்டார்களின் பின்னல் மீது பல அடுக்காகப் பதிவான அவர் குரல் தாலாட்டைப் போல நகர்கிறது. சொற்கள் ஓய்ந்ததும், மெல்லோட்ரானின் (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) கோரஸ் ஒலி சிறுகச் சிறுக எழும்பி அந்த இடத்தை நிரப்புகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால், குரல் எங்கே முடிந்து கருவி எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

தொடக்கப் பாடலான ‘டான்ஸ் ஆன் எ வால்கேனோ’ ஏழு எண்ணிக்கையில் இடறி இடறி ஓடும் தாளத்தைக் கொண்டது. அந்தத் தாளத்தை வாசித்தவரே பாடுவதால், சொற்கள் எங்கும் திணறவில்லை. ‘ரிப்பிள்ஸ்’ பாடலின் நடுப்பகுதியில் டோனி பேங்க்ஸின் பியானோவும் ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிட்டாரும் நெடுநேரம் தனித்து உலவுவது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ‘ராபரி, அசால்ட் அண்ட் பேட்டரி’ மட்டும் ஒட்டவில்லை. நடித்துப் பாட வேண்டிய கதைப்பாட்டு அது, அங்கேதான் கேப்ரியல் இல்லாத குறை தெரிகிறது.

இறுதியில் வரும் ‘லாஸ் எண்டோஸ்’ பெரும்பாலும் வாத்திய இசையே. ஆல்பத்தின் முந்தைய மெட்டுகளைத் திரட்டிக்கொண்டுவந்து, ஒலி தேய்கையில், 1972-இல் கேப்ரியல் பாடிய ‘சப்பர்ஸ் ரெடி’யின் வரியொன்றைக் காலின்ஸ் தணிந்த குரலில் பாடுகிறார், கவனியாதவர் காதில் அது விழாமலே போகும்.

1976 டிசம்பரில் வந்த அடுத்த ஆல்பமான ‘விண்ட் அண்ட் வதரிங்’ வரை இந்த ஒலி நிலைத்தது. 1977-இல் ஹாக்கெட் விலகிய பின் வந்தவற்றை நான் இவ்வளவு விரும்பிக் கேட்பதில்லை. என் காதுக்கு, ஜெனிசிஸ் மாறியது பாடகர் போனபோதல்ல, கிட்டார் கலைஞர் போனபோதுதான்.