பலகாரச் சட்டிக்கு எந்தக் கடலை எண்ணெய்?

தீபாவளிக்குச் சீயமும் கந்தரப்பமும் சுட எண்ணெய் வாங்கும்போது காரைக்குடியில் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரே வழக்கு: செக்கா, ரீஃபைண்டா? மணத்தில் செக்குக்குத்தான் ஜெயம். ஆனால் அஃப்ளடாக்சினை வைத்துப் பார்த்தால் கதை வேறு.

சரியாகக் காயாத நிலக்கடலையில் பூக்கும் பூசணம் விடும் நஞ்சு அது. 1960-ல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் செத்தபோது, தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் இதைப் பிடித்தார்கள். மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் தரும் என்பது உறுதியான சங்கதி. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. பொரிக்கிற சூட்டுக்கெல்லாம் இது அழியாது.

ரீஃபைண்டில் காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்துக் கழுவி, களிமண்ணால் வெளுக்கும்போது நஞ்சு ஏறக்குறைய முழுதும் போய்விடும். மனசில்லாமல்தான் சொல்கிறேன், இந்த ஒன்றில் மார்க் பாக்கெட்டுக்கே.

செக்கில் ஆட்டினால் நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கோடு தங்கிவிடும். மிச்சம் எண்ணெயில் இறங்கும். எவ்வளவு என்பது உள்ளே போட்ட பருப்பைப் பொறுத்தது. போன வருஷம் ஒரு செக்கில், "பருப்பைக் கொஞ்சம் பாக்கலாமாண்ணே?" என்று கேட்டேன். சாக்கில் கையை விட்டால் சுருங்கினதும் கறுத்ததுமாக வந்தது. "ஆட்டினா எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார். ஒன்றில்லை. ஒரு மூட்டையின் நஞ்சு பெரும்பாலும் அந்தச் சில சொத்தைகளில்தான் குவிந்து கிடக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது வழி: பருப்பு வாங்கி, நாமே பொறுக்கி, கூலிக்கு ஆட்டிக்கொள்வது. பத்துக் கிலோவுக்கு ஒரு மத்தியானம் போய்விடும், வளவில் முறத்தோடு நாலு பேர் உட்கார வேண்டும். அப்பத்தாவின் விரல் நிற்கவே நிற்காது; நிறம் மாறினது, முளை கறுத்தது, தோல் சுருங்கினது எல்லாம் தனியே விழும். அப்புறம் எண்ணெயைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி வெயிலில் தெளிய வைப்போம். கசடோடு கொஞ்சம் நஞ்சு அடியில் தங்கும். வெயில் பட்டால் எண்ணெயில் இருப்பதும் குறையும். அப்பத்தா காலத்து வழக்கம்தான், காரணம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பொறுக்க ஆளில்லாத வீட்டுக்கு பாக்கெட்டே போதும். பருப்பைக் காட்டாத செக்கில் மட்டும் வாங்க மாட்டேன்.

இந்த வருஷம் ஒதுக்கின சொத்தையைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுக்கக் கிளம்பினார் அப்பத்தா.

"வேணாம் அப்பத்தா, பால்ல வந்துரும்."

"பால்லயுமா?" என்றவர் கொல்லையில் குழி தோண்டச் சொன்னார்.