தூக்கத்தைப் பற்றி முதலில் கேட்ட மருத்துவமனை

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் என் தம்பியைக் கடந்த பதினான்கு மாதங்களாகப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் உள்ள இந்த மனநல மருத்துவமனைக்கு அழைத்து வருகிறேன். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருப்பதால் அவன் விடியற்காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிடுவான். இருவருமாகப் பேருந்து ஏறி, அரியாங்குப்பம் வழியாக வந்து சேர்வோம். இதற்கு முன் வேறோர் இடத்தில் இரண்டு ஆண்டுகள் வைத்தியம் பார்த்தும் தேறாமல் வந்தவர்கள் நாங்கள். எங்களைப் போல அலைந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முன்பு பார்த்த இடத்தில் மனச்சோர்வு என்றார்கள். கடையைத் திறக்காமல், குளிக்காமல், தட்டை ஒதுக்கிவிட்டு வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனைக் கண்டால் எவரும் அதைத்தான் சொல்வார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் எழுந்து நடமாடினான். ஐந்தாவது வாரம் இரவு இரண்டு மணிக்கு வியாபாரிகளுக்குப் போன் போட்டு, தோப்பு தோப்பாகக் குத்தகை பேசினான். பிள்ளை குணமாகிவிட்டான் என்று அம்மா கோயிலில் பொங்கல் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே சுவர், அதே படுக்கை.

இங்கே மருத்துவர் துக்கத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்கவே இல்லை. "தூக்கம் குறைஞ்சும் கொஞ்சம்கூடக் களைப்பு இல்லாம இருந்த நாள் எப்பவாவது உண்டா?" என்று தம்பியிடம் கேட்டார். அவன் இல்லை என்றான். அதே கேள்வியை அவன் எதிரிலேயே, அவன் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு, என்னிடமும் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் குறுக்காகத் திருப்பி, நடுவில் அடிமட்டத்தால் ஒரு கோடு போட்டு, வீட்டில் நடந்தவற்றை ஆண்டுவாரியாகச் சொல்லச் சொன்னார். கடலூர்க்காரர்களுக்கு ஆண்டுக் கணக்கு புயலிலிருந்துதானே வரும்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஊரே இடிந்து உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் இவன் மட்டும் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, ஓயாமல் பேசி, கடன் வாங்கி இரண்டு டிராக்டர் வாங்கினான். பொறுப்பு வந்துவிட்டது என்று அப்பா பெருமைப்பட்டார். மருத்துவர் அந்த இடத்தில் கோட்டுக்கு மேலே சிவப்பு மையால் ஒரு மேடு வரைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு கோட்டுக்குக் கீழே நீலத்தில் ஒரு பள்ளம். முக்கால் மணி நேரத்தில் தாளில் மூன்று மேடுகளும் ஐந்து பள்ளங்களும் இருந்தன. தம்பி அந்தத் தாளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது இருமுனைப் பிறழ்வு, அதாவது மனம் சில காலம் அளவுமீறிய எழுச்சியிலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் மாறி மாறிக் கிடக்கும் நோய். இந்த நோய் பலருக்கு முதலில் சோர்வாகவே தலைகாட்டுவதாலும், எழுச்சி நாட்களை நோய் என்று நோயாளியும் நினைப்பதில்லை, வீட்டாரும் நினைப்பதில்லை என்பதாலும், வெறும் மனச்சோர்வு என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்க முடியும் என்று விளக்கினார். அப்படிப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அது எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையைத் தொடங்கும் முன் சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எங்கள் தேவைக்கு ரத்தத்தில் லித்தியத்தின் அளவு 0.6-க்கும் 0.8-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டும்போதும், வயிற்றுப்போக்கின்போதும் அந்த அளவு ஏறும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது, திடீரென்று உப்பை நிறுத்தக் கூடாது. முதுகு வலிக்கிறதென்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைக் கேட்டு வாங்கக் கூடாது. கை கடுமையாக நடுங்கினாலோ, வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இவற்றைச் செவிலியர் ஒருவர் தம்பியிடம் சொல்லி, அவன் வாயால் திருப்பிச் சொல்லவும் வைத்தார். கிடங்கில் நாள் முழுவதும் மூட்டை ஏற்றி இறக்குபவனுக்கு அந்த வலி மாத்திரை விஷயம் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத்தான் தெரியும்.

தம்பி தேறியதைப் பார்த்து என் நாத்தனாரும் இங்கே வந்தார். நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும் என்று பயந்து மூன்று முறை இ.சி.ஜி. எடுத்தவர், மூன்றிலும் குறையில்லை. அது பீதி நோய் என்றும், அந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கும் என்றும் விளக்கினார்கள். மாதக்கணக்கில் அவர் தானே வாங்கிப் போட்டுவந்த, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல், படிப்படியாகக் குறைத்தார்கள்.

குறைகளும் உண்டு. கூடத்தில் பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் மாத்திரையின் பெயரையும் அப்படியே சொல்கிறார்கள். உள்ளூர்க்காரர் யாரேனும் பார்த்துவிடுவாரோ என்று ஒதுங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பெரிய வேதனை. நேரம் குறித்துப் போனாலும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாளின் நகலைக் கேட்டபோது வரவேற்பில் இருந்தவர் மறுத்தார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தன் சிகிச்சைப் பதிவேட்டைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு என்று தம்பியே எடுத்துச் சொன்ன பிறகு, மருத்துவர் தாமே நகல் எடுத்துக் கொடுத்தார். முதலிலேயே கொடுத்திருக்கலாம். இரவில் அழைத்தால் இங்கே தொலைபேசியை எடுக்க ஆளில்லை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

முதல் முறை வருபவர்கள், நோயாளி ஒப்புக்கொண்டால், அவரைப் பல ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்த ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். பழைய மருந்துச் சீட்டுகளில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். லித்தியம் அளவு பார்க்க வரும் நாளில், முந்தைய இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை இருந்தால் அதைக் கையிலேயே வைத்திருந்து, ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.