மென்மையான மேக்னம் தோட்டாவுக்கு: டிரெயில் பாஸா, யூனிக்கா?

தோட்டாவை நாமே கையால் அடைக்கிறோம்: வார்ப்பு ஈயக் குண்டு, கையை வலிக்கவைக்காத உதை. இவ்வளவு போதுமென்றால் நான் முதலில் தேடுவது டிரெயில் பாஸ் என்ற வெடிமருந்து. நடுவில் ஓட்டையுள்ள குட்டி வளையங்கள். எடை குறைவு, அடைக்கும் இடம் அதிகம். .357 மேக்னத்தின் நீளக் கூட்டில் (தோட்டாவின் உலோக உறையில்) தவறி இருமுறை கொட்டினால் விளிம்பை நெருங்கியோ பொங்கியோ பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் குண்டைச் செருகும்போது மருந்தை நசுக்கவே கூடாது, அழுத்தம் எகிறும்.

யூனிக் செதில் மருந்து. மிதவேகத்திலிருந்து ஓரளவு வீரியம்வரை வளைந்துகொடுக்கும். குறைந்த அளவில் கரி மிஞ்சும், அதைத் துடைத்துவிடலாம். எனக்குப் பயம் வேறு: சிறிய அளவு கூட்டின் அடியில் பதுங்கிக் கிடப்பதால் இரட்டை அளவும் கண்ணுக்குத் தப்பும். ஐம்பது கூடுகளையும் தட்டில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்த பிறகே குண்டு வைப்பேன்.

எதுவானாலும் அளவு தயாரிப்பாளரின் அட்டவணைப்படிதான். முழு வீரியத் தோட்டாவுக்கான எச்110 மருந்தைக் குறைத்துப் போட்டு மென்மையாக்க முயலாதீர்கள்.