குளிரில் ஆக்சிலேட்டர் திரும்பவில்லை என்றால், கார்புரேட்டரை மாற்றத் தலையாட்டாதீர்கள்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பதிவு. காலையில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் முறுக்கிய இடத்திலேயே நிற்கிறது, கையை விட்டாலும் திரும்ப வருவதில்லை என்று சொல்லி வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், உடனே "கார்புரேட்டர் போச்சு" என்று, இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் அந்தப் பாகத்துக்கு எஸ்டிமேட் போட்டுவிடுகிறார்கள். ஊட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப் 110 சிசி பிஎஸ்4 (2020-க்கு முந்தைய மாசு விதிப்படி வந்த) ஸ்கூட்டர் ஒன்றுக்குப் போட்ட பில்லில் இருந்தவை: புது கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், பிளக், ஜெனரல் சர்வீஸ், லேபர். ஆக்சிலேட்டர் கேபிள் என்ற வார்த்தையே அதில் இல்லை. மறுநாள் காலை ஆக்சிலேட்டர் அதே மாதிரி சிக்கி, வண்டி ரேஸ் ஆனது. பழைய கார்புரேட்டரைக் கேட்டால் "ஸ்கிராப்புல போயிடுச்சு சார்" என்று பதில்.

கேபிளைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்க கெட்டி கிரீஸ். அக்டோபரில் அதே ஒர்க்‌ஷாப் போட்ட சர்வீஸ் பில்லில் "கேபிள் கிரீஸிங்" என்று தனியாக ஒரு வரி, அதற்குத் தனிக் காசு. கோளாறை உண்டாக்கியவர்களே அதைச் சரிசெய்கிறோம் என்று சம்பந்தமில்லாத ஸ்பேரை விற்றிருக்கிறார்கள்.

கிரீஸ் ஏன் இப்படிச் செய்கிறது? ஆக்சிலேட்டரைத் திறப்பது நம் கை. எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் முறுக்கிவிடுவோம். மூடுவது கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங். ஹேண்டிலிலிருந்து சீட்டுக்கு அடிவரை நீளும் கேபிளின் உள்கம்பி முழுவதையும் அந்த ஸ்பிரிங்தான் திரும்ப இழுக்க வேண்டும். சேசிஸுக்கு அடிக்கிற கிரீஸ் 25 டிகிரியில் வழுக்கும், இரண்டு மூன்று டிகிரியில் மெழுகாக இறுகும். ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. அதனால்தான் திறக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை, மூடும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறது. இப்போது வரும் கேபிள்களில் பெரும்பாலும் உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் லைனிங் இருக்கும். அதற்குக் கிரீஸே கூடாது. தூசியை ஒட்டவைக்கும் வேலையைத்தான் செய்யும்.

கிரீஸ் இல்லாவிட்டால் அடுத்த சந்தேகம் தண்ணீர். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்பை ஹேண்டில் மேல் நேராகப் பிடித்தால் கேபிளின் மேல்வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, கேபிள் வளைந்து தாழும் இடத்தில் தேங்கும். வெட்டவெளியில் நிறுத்திய வண்டியில், உறைபனி விழுந்த இரவில், அது ஐஸாகிவிடும். வெயில் ஏறியதும் கரைந்துவிடும், கோளாறும் போய்விடும்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஒர்க்‌ஷாப் திறப்பது பத்து மணிக்கு. அதற்குள் வண்டி வெயிலில் சூடாகியிருக்கும், மெக்கானிக் முறுக்கிப் பார்த்தால் கிரிப் ஒழுங்காகத் திரும்பும். கோளாறு கண்ணில் படாதபோது எது விலை அதிகமோ அதன்மேல் பழி போடுவது சுலபம். அதனால் வண்டியை முந்தைய நாள் சாயங்காலமே விட்டு, வெளியே நிற்கவைத்து, காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சோதிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் நீங்களே வீட்டில் காலையில் பார்த்து, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

சோதனை கஷ்டமில்லை. சாவி ஆஃப், சென்டர் ஸ்டாண்ட். கிரிப்பை முழுக்க முறுக்கி விட்டுவிடுங்கள். தானாக "டக்" என்று மூட வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து ஒருமுறை, இடது கோடியில் ஒருமுறை, வலது கோடியில் ஒருமுறை. ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் சிக்கினால் கேபிள் போகும் பாதை தவறு. ஹேண்டில் கவரைக் கழற்றி மாட்டும்போது எங்கேயோ நசுக்கியிருப்பார்கள், அல்லது கட்டக்கூடாத இடத்தில் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

மூன்று நிலையிலும் சிக்கினால் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீட்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றினால் கார்புரேட்டர் தெரியும். கேபிள் மாட்டியிருக்கும் சின்ன அரைவட்டச் சக்கரத்தைத் திருப்பிக் கேபிளின் குண்டு முனையை விடுவியுங்கள். இப்போது அந்தச் சக்கரத்தை விரலால் திருப்பி விடுங்கள். சட்டென்று மூடினால் கார்புரேட்டரின் மேல் குற்றமில்லை, பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்து கேபிளின் மறுமுனையையும் கிரிப்பிலிருந்து எடுத்துவிட்டு உள்கம்பியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். கையில் பிசுபிசு என்று இழுத்தாலோ, நறநறத்தாலோ கேபிள்தான்.

கம்பியும் வழுக்குகிறது என்றால் மிச்சம் இருப்பது கிரிப் டியூப். அதைக் கழற்றி, ஹேண்டில் பாரை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, துரு இருந்தால் நைஸ் எமரி தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். மாட்டும்போது கிரிப் ரப்பரின் முனைக்கும் ஹேண்டில் பார் வெயிட்டுக்கும் (ஹேண்டில் நுனியில் இருக்கும் இரும்புக் குண்டு) நடுவில் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி இருக்கட்டும். குளிருக்கென்று மாட்டும் கம்பளி உறையும், மேலே போடும் எக்ஸ்ட்ரா ரப்பர் கவரும் இந்த இடைவெளியை அடைத்துவிடும். ஸ்பேருக்குச் செலவழிக்கும் முன் அவற்றைக் கழற்றிவிட்டு ஒரு காலை ஓட்டிப் பாருங்கள்.

கேபிளில் நார் ஒன்று அறுந்திருந்தாலும், துரு பிடித்திருந்தாலும் சுத்தம் செய்வதில் பிரயோஜனமில்லை, புதிது போடுங்கள். கார்புரேட்டர் விலையோடு பார்த்தால் கேபிள் விலை ஒன்றுமே இல்லை. கிரீஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்வாயில் கிளீனர் ஸ்பிரே அடியுங்கள். கீழே தெளிவாக வடியும்வரை அடிக்க வேண்டும். காற்றடித்து நன்றாக உலர்த்தி, சிலிகான் ஸ்பிரே கொஞ்சம். அவ்வளவுதான். துரு நீக்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்து "ஓகே சார்" என்று அனுப்பினால், அது ஆவியானதும் உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் மறுபடி இறுகும். மாட்டிய பிறகு கிரிப்பில் 2 முதல் 6 மி.மீ. வரை பிளே (கேபிளை இழுக்காமல் சும்மா திரும்பும் தளர்வு) இருக்க வேண்டும். அட்ஜஸ்டர் நட்டை இறுக்கிவிட்டு, இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்புங்கள். ரேஸ் ஏறக் கூடாது.

இரண்டு விஷயங்களைக் கோளாறு என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் ரேஸ் அதிகமாக இருப்பது, குளிரில் தானாகப் பெட்ரோலைக் கூட்டித் தரும் ஆட்டோ சோக்கின் வேலை. அந்த நேரத்தில் ஐடில் ஸ்குரூவை (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) குறைத்து வைத்தால், சூடான பிறகு ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி அணையும். இன்னொன்று, மூடுபனியில் ஓடும்போது பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில் கார்புரேட்டருக்குள்ளேயே பனி படிவது. வெளியே 10 டிகிரி இருந்தாலும் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். ஓரமாக நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் விட்டால், இன்ஜின் சூட்டிலேயே கரைந்து சரியாகிவிடும். அப்படிச் சரியானால் மாற்ற வேண்டிய பாகம் எதுவுமில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில், பெட்ரோலைக் கணக்காகப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். கேபிளும் கிரிப்பும் அதே மாதிரிதான், சோதனையும் அதேதான். த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் காற்று போகும் வாய்) கரி படிந்தால் ஸ்பிரே போட்டுத் துடைக்கலாம், ஆனால் பெயின்ட் வைத்து சீல் செய்த ஸ்குரூவில் கைவைக்க விடாதீர்கள்.

முதலில் சொன்ன ஊட்டி வண்டியில் மாட்டிய புது கார்புரேட்டரும் ஒரு தலைவலி. மேலே கம்பெனிப் பெயரோ எண்ணோ எதுவும் பதிக்காத டூப்ளிகேட். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கண்டபடி ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) போட்ட கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றும், பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். புதுப் பாகம் என்றால் எம்ஆர்பி ஒட்டிய பெட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

ஆக்சிலேட்டர் சிக்கும் வண்டியைச் சரிசெய்யும்வரை மலைப்பாதையில் எடுக்காதீர்கள். ஓட்டும்போதே சிக்கிக்கொண்டால், பிரேக்கை மட்டும் நம்பி மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி சாவியை ஆஃப் செய்யுங்கள், ஹேண்டில் லாக் வரை மட்டும் திருப்பிவிடாதீர்கள்.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "கழற்றிய பாகங்கள் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இப்படிப் பில் கட்டியவர்கள் இரண்டு சர்வீஸ் பில்லையும் வீடியோவையும் வைத்து முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.