கொழும்பிலிருந்து கதை எழுதப் பழகுவது: எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை

2022இல் மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக இருந்த காலத்தில் கதை எழுதப் பழகத் தொடங்கினேன். அன்றிலிருந்து விடவில்லை. காசு கட்டிய இணைய வகுப்பு, இலவச வாசிப்புக் கூட்டம், பழைய இலக்கணம், இணையத்தில் கிடைக்கிற இதழ்கள் என்று கைக்கு எட்டியதையெல்லாம் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது. கொழும்பில் இருந்துகொண்டு தமிழில் எழுத நினைப்பவர்கள் எதில் நேரம் போடலாம், எதை ஆறுதலாகப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரையாடலுக்கும் நோக்குநிலைக்கும் (யாருடைய கண்ணால் கதை சொல்கிறோம் என்பதற்கு) கொடுக்கிற நேரம் வீண்போகாது. அணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வது பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுதியதை நாலு பேருக்கு முன்னால் சத்தமாக வாசிக்காவிட்டால் எதுவும் கையில் படியாது.

அணிகளைப் பற்றி ஏன் அப்படிச் சொல்கிறேன்? ஓ.எல்.லுக்கு இலக்கிய நயம் எடுத்தவர்களுக்கு உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் எல்லாம் ஏற்கெனவே தெரியும். பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணி மட்டும் 35 சொல்கிறது. ஒரு செய்யுளைக் காட்டினால் அதில் என்ன அணி என்று சொல்லிவிடுவோம். ஆனால் கதை எழுத உட்காரும்போது அந்தப் பட்டியல் உதவிக்கு வருவதில்லை. அந்த அணி ஏன் அந்த இடத்தில் வந்தது என்று கேட்டால்தான் உதவுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் போகும்போது கோட்டைக் கொடிகள் 'வராதீர்கள்' என்று கை காட்டுவதுபோல ஆடுகின்றன. இயல்பாக நடப்பதன் மேல் புலவர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்கிற தற்குறிப்பேற்றத்துக்கு இதைத்தான் எல்லாரும் உதாரணம் சொல்வார்கள். கொடி எந்த ஊரிலும் ஆடும். கொலை நடக்கப்போகும் ஊரின் வாசலில், பாத்திரங்களுக்குத் தெரியாததை வாசகர் உணர்கிற இடத்தில் இளங்கோ அதை வைத்திருக்கிறார். இது விளங்கிய பிறகு என் கதைகளில் உவமைகள் பாதியாகக் குறைந்தன. மிஞ்சியவை சரியான இடத்தில் உட்கார்ந்தன.

கதைப்பின்னலைப் பற்றி நீளமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் சொன்ன வேறுபாடே தொடக்கத்துக்குப் போதும். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தில் அரசியும் இறந்தாள் என்றால் பின்னல் வந்துவிட்டது. ஒரு சம்பவத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 'அதனால்' இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனால் சரி.

நோக்குநிலைதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். எங்கள் கூட்டத்தில் ஒரு பயிற்சி செய்தோம். வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரம்மா வாடகையைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிறா. குடியிருக்கிறவளின் பக்கம் நின்று முதலில் எழுதியது இது:

"வாடகை கூடிவிட்டதே என்று அவள் மிகவும் கவலைப்பட்டாள். என்ன செய்வதென்று தெரியவில்லை."

திருத்தி எழுதியது:

"வீட்டுக்காரம்மா வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனா. அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆறின பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தாள்."

கவலை என்ற சொல் போய்விட்டது, கவலை மட்டும் அப்படியே இருக்கிறது. இதைத்தான் 'சொல்லாமல் காட்டுவது' என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அடுத்த கட்டம்தான் எனக்குப் பெரிய திறப்பு. அதே காட்சியை வீட்டுக்காரம்மாவின் கண்ணால் எழுதச் சொன்னார்கள்: "நான் கதைக்கிறேன், இவள் ஆறின தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு நிற்கிறாள். ஒரு மரியாதை இல்லை." செயல் ஒன்றுதான். ஒருத்திக்கு அது தவிப்பு, மற்றவளுக்கு அது அவமதிப்பு. தன்மை, படர்க்கை என்று வரைவிலக்கணம் படித்து இது வராது. ஒரே காட்சியை இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதிப் பார்த்தால் ஒரு பின்னேரத்தில் வந்துவிடும்.

காசு கட்டிய வகுப்பு கடல் தாண்டி இருந்து சூமில் நடந்தது. பெயர் வேண்டாம். நல்லதைச் சொல்ல வேண்டும்: கிழமைக்கு ஒரு கதை என்ற கெடு இருந்ததால் முடிக்காமல் கிடந்தவற்றை முடித்தேன். ஆனால் கருத்துச் சொல்லும் இடத்தில் மனம் நொந்துபோனது. கதிரை, யன்னல், குசினி எல்லாவற்றையும் கோடிட்டு, 'பொதுத்தமிழுக்கு மாற்றவும்' என்று எழுதி அனுப்பினார்கள். கதையில் வேறு எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. நான் மாற்றவில்லை. 1960களின் தொடக்கத்தில் இங்கே மரபுப் போராட்டம் என்றே ஒன்று நடந்தது. கதையில் பேச்சுத் தமிழ் வரலாமா என்று பத்திரிகையிலும் மேடையிலும் சண்டை பிடித்தார்கள். இழிசனர் வழக்கு என்று ஒதுக்கியதை வாதாடி இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர்கள் எங்கள் முன்னோடிகள். அவர்கள் வாங்கித் தந்ததை ஒரு வகுப்புக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கொழும்பில் எழுதுபவருக்கு உரையாடல்தான் மிகக் கஷ்டமான உத்தி, மிகப் பெரிய வரமும் அதுதான். காலி வீதியில் 100 பஸ்ஸில் ஏறினால் ஒரே பயணத்தில் யாழ்ப்பாணத் தமிழ், மலையகத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், முஸ்லிம் மக்களின் தமிழ் எல்லாம் காதில் விழும். எங்கள் வாசிப்புக் கூட்டமும் அப்படித்தான். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், மாளிகாவத்தையிலிருந்து வரும் ஒரு ராத்தா, ஹட்டனிலிருந்து வந்து கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி, இன்னும் சிலர். நான் ஒரு பலசரக்குக் கடைக் காட்சி எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மகளோடு தங்கியிருக்கும் வயதான பெண், மலையகத்துப் பையன் என்று விவரித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினேன்.

"பையில போட்டுறவாக்கா?"

"வேண்டாம் தம்பி, என்னட்டைப் பை இருக்கு."

வாசித்து முடித்ததும் ஹட்டன் தம்பி சொன்னான்: "அண்ணே, வயசானவங்கள நாங்க அக்கான்னு கூப்பிட மாட்டோம். அம்மான்னுதான் சொல்லுவோம்." சரி, "பையில போட்டுறவாம்மா?" என்று மாற்றினேன். உடனே டீச்சர், "அப்ப அந்த முதல் பந்தி என்னத்துக்கு?" என்று கேட்டா. உண்மைதான். அந்தப் பெண்ணின் வயதும், இருவருடைய ஊரும், ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கிற மரியாதையும் இரண்டு வரியிலேயே வந்துவிட்டன. விவரணைப் பந்தியை அப்படியே எடுத்துவிட்டேன். எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தந்திருக்காது. அந்தப் பேச்சைப் பேசுகிறவர் பக்கத்தில் இருந்ததால் கிடைத்தது. ராத்தா தன் கதையில் "உம்மா செல்லுறாங்க" என்று எழுதியதை 'சொல்லுறாங்க' ஆக்கலாமா என்று யாரும் கேட்கவே இல்லை. அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு இருக்கிற அன்புக்கு அதுவும் ஒரு காரணம்.

கதை நடக்கும் களத்தை எழுதத் தொல்காப்பியம் கைகொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அகத்திணையியலின் முதல், கரு, உரி என்ற பகுப்பைப் பரீட்சைக்குப் படித்து மறந்துவிடுகிறோம். அது எழுதுபவருக்கான வேலைத்திட்டம். நிலமும் பொழுதும் முதல். அங்கே இருக்கிற உணவு, மரம், பறவை, தொழில் எல்லாம் கரு. அந்த இடத்துக்குரிய உணர்வு உரி. வெள்ளவத்தையை நெய்தல் என்று எடுத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவில் ரயில் பாதை, அலை மோதும் கருங்கற்கள், பொழுது சாய்கிற நேரம், பாணந்துறைப் பக்கம் போகிற ரயிலின் கதவில் தொங்கிக்கொண்டு போகிற சனம். நெய்தலுக்கு உரியது இரங்கல். ஒருத்தி மெரின் டிரைவில் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்றால், 'காத்திருந்தாள்' என்று எழுதாமல் போன ரயில்களையும் இருட்டுகிற கடலையும் மட்டும் எழுதினால் வாசகருக்குப் பிடிபட்டுவிடும். களவிவரணை என்று வெளியிலிருந்து வந்த எந்தப் பயிற்சியும் எனக்கு இவ்வளவு தெளிவாக வழி காட்டவில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்களின் விலை கையைச் சுடுகிறது. ஆனால் பழகுவதற்கு அவ்வளவு வாங்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடக்கின்றன. 1966இல் தொடங்கிய மல்லிகையின் பழைய இதழ்களை அங்கே வாசிக்கலாம். ஒரே ஊர்ப் பேச்சை ஒவ்வொரு எழுத்தாளரும் எப்படி எழுத்தில் கொண்டுவந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஸ்கேன் செய்த பக்கங்கள் என்பதால் போனில் வாசிக்கக் கண் நோகும், கணினியில் வாசியுங்கள். அச்சில் வேண்டுமென்றால் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. சங்கம் 1942இல் தொடங்கியது. செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் சிங்களப் புத்தகங்களோடு ஒப்பிட்டால் தமிழ் குறைவுதான், ஆனாலும் கழிவு விலை கிடைக்கும்.

எழுதி முடித்ததை அனுப்பும் கட்டத்தில் பொறுமை வேண்டும். ஞாயிறு வாரமலர்களும் இதழ்களும் புதியவர்களுக்கு இடம் தருகின்றன, ஆனால் சில இடங்களிலிருந்து பதிலே வராது. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு நியாயமான காலம் பார்த்து, மீளப் பெறுகிறேன் என்று இரண்டு வரி எழுதிவிட்டு, அப்புறம் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு கொப்பி வாங்கி, வேறு ஊர்த் தமிழ் பேசுகிற இரண்டு பேரையாவது வாசிப்புக்குத் தேடிக்கொள்ளுங்கள். அவர்கள் கிடைத்த பிறகும் கெடு இல்லாமல் எழுத வரவில்லை என்றால் வகுப்பில் சேருங்கள். சேருவதற்கு முன், உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதிய ஒரு பக்கத்தை அனுப்பி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.